எந்தக் கல்லறைக்குக் களை வெட்டுறீங்க?

பென்சிலைச் சீவிக்கொண்டேதான் கேட்பார் வெர்டி சோப். எதிரே வந்து உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். "உங்க ஜனங்க எந்தக் கல்லறைத் தோட்டத்துல களை வெட்டுறாங்க?" பெயர், ஊர், கையில் என்ன ஆதாரம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் செரோக்கி ஜனத்தில் யாரைக் கேட்டாலும் இதற்குப் பதில் சட்டென்று வரும். மே மாதக் கடைசியில் மண்வெட்டியும் சாப்பாட்டுப் பாத்திரமுமாக ஏதோ ஒரு குன்றடிக்குப் போய் முதுகொடிய வேலை செய்தவர்கள்தானே எல்லோரும். வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் விழிப்பார்கள்.

"கல்லறையா? நான் எங்க கொள்ளுப்பாட்டியைப் பத்திக் கேக்க வந்தேன்."

"அவங்களும் செத்துத்தானே போயிருப்பாங்க?" என்பார் வெர்டி அக்கா, பென்சில் முனையை ஊதிவிட்டு.

எங்கள் ஜனத்தின் தலைநகரான டாலக்வாவில் வம்சம் தேடிக் கொடுக்கும் மேசை அவருடையது. அதே கட்டடத்தின் முன்பக்கத்தில் நான் கூடையும் மணிமாலையும் விற்கிறேன். நடுவே பாதி உயரத்துக்கு ஒரு பலகைத் தடுப்பு. அங்கே பேசுவது இங்கே கேட்கும். கேட்காவிட்டால் நான் எழுந்து போய்க் கேட்பேன். அக்கா முன்பு பள்ளிக்கூடத்தில் நூலகராக இருந்தவர். சத்தம் போடுகிறவர்களை இன்னமும் கண்ணாலேயே அடக்கிவிடுவார். இறகும் கழுகும் கலந்த பெயரை எதிர்பார்த்து வருகிறவர்கள், மேசை மேல் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்து, "சோப்பா? குளிக்கிற சோப்பா?" என்று கேட்பதுண்டு. "ஆமா, அதேதான். உக்காருங்க" என்பார்.

வருகிறவர்கள் கொண்டுவரும் கதையை நானே தூக்கத்தில் ஒப்பிப்பேன். அவர்களுடைய கொள்ளுப்பாட்டி ஒரு செரோக்கி இளவரசி. கூந்தல் இடுப்புக்குக் கீழே. கன்ன எலும்பு எடுப்பு. எங்கள் ஜனத்தைப் பட்டாளம் ஊரைவிட்டுத் துரத்தியபோது அவள் மட்டும் மலைக்குள் ஒளிந்துகொண்டாள். அதனால்தான் எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை. எங்களுக்கு ராஜாவே கிடையாது, இளவரசி எங்கிருந்து வந்தாள்? ஒரு தாத்தாவைக் கூட யாரும் கொண்டுவந்ததில்லை, எப்போதும் பாட்டிதான். ஏழைப் பாட்டியும் இல்லை, இளவரசிதான். எங்களுக்கு இருக்கும் சர்க்கரை வியாதி வேண்டாம், குண்டும் குழியுமான எங்கள் ரோடு வேண்டாம், வழியிலேயே புதைத்துவிட்டு வந்த பிள்ளைகள் வேண்டாம். இளவரசி மட்டும் வேண்டும். இதைச் சொன்னால் எனக்கு வாய் நீளம் என்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்காவுக்குக் கோபம் வரும் இடம் வேறு. அவர் கதையைக் கேட்டு முடித்துவிட்டு, தேடித்தான் பார்ப்பார். மலைக்குள் ஒளிந்தாள் என்றால் எந்த மலை, பிறகு யார் வீட்டில் இருந்தாள், அவளுக்குப் பிறந்ததை எந்த ஊரில் எழுதினார்கள் என்று ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போவார். நிலத்தைத் துண்டு போட்டுக் கொடுப்பதற்காக அரசாங்கம் எங்களை வீடு வீடாக எழுதிய பெரிய பட்டியல் ஒன்று உண்டு. அதற்கு முன்னாலும் சில உண்டு. அத்தனையிலும் தேடுவார். பெரும்பாலும் இளவரசி அலபாமாவிலோ ஜார்ஜியாவிலோ அகப்படுவாள், மூன்று தலைமுறை வெள்ளைக்காரியாக.

"இவங்கதான் உங்க பாட்டி. கோழி வளர்த்திருக்காங்க. புருஷன் செத்த பிறகு தனியா நின்னு வரி கட்டியிருக்காங்க. ஒம்போது பிள்ளை" என்று தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைப்பார்.

"இல்ல மேடம், எங்க குடும்பத்துல எல்லாரும் சொல்லுவாங்க…"

"நல்ல பாட்டியா இருக்காங்களே. இவங்களை ஏன் வேணாங்குறீங்க?"

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கும்போதுதான் அவர் குரல் தடிக்கும். சொந்தப் பாட்டியைத் தெருவில் விட்டுவிட்டு இல்லாத பாட்டிக்கு வீடு தேடுகிறார்களே என்று அன்று முழுக்கப் பொருமுவார். ஆறிய காப்பியை அப்படியே குடிப்பார்.

ஒருவர் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வது எங்கள் ஜனத்தின் வழக்கம் அல்ல. விருந்தாளி தப்பாகச் சொன்னாலும் தலையை ஆட்டி, "இருக்கலாம்" என்போம். புரிந்தவர் பேச்சை மாற்றிக்கொள்வார். வெர்டி அக்காவுக்கு மட்டும் 'இல்லை' சுலபமாக வரும். அதனால் எங்கள் தேவாலயச் சபையில் அவருக்குப் பின்னால் ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு. அப்புறம் அவருடைய குடை. வெயிலுக்குக் குடை பிடிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. அக்கா மரப்பிடி போட்ட கறுப்புக் குடை இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார். யாருக்கும் இரவலும் கொடுக்க மாட்டார். ஒரு மழை நாளில் கார் வரைக்கும் போக நான் கேட்டதற்கு, குடைக்குள் என்னைச் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்க் காரில் ஏற்றிவிட்டு, தானே பிடித்தபடி திரும்பி நடந்தார்.

லோரெட்டா ஹாஸ்க்யூ வந்தது போன கோடையில். டெக்ஸஸில் நீச்சல் குளம் கட்டிக் கொடுக்கும் வியாபாரம். கை நிறைய வெள்ளியும் நீலக்கல்லும். எங்களுடைய நகை அல்ல, ஆயிரம் மைலுக்கு அப்பால் வேறு ஜனம் செய்வது. உள்ளே வரும்போதே, "நாம எல்லாரும் ஒரே ரத்தம்!" என்று என்னைக் கட்டிப் பிடித்தாள். அவளுடைய பாட்டிக்குப் பாட்டி பெயர் வெள்ளிப்புறாவாம். அக்கா வாரக்கணக்கில் தேடினார். வெள்ளிப்புறா கிடைக்கவில்லை, பெர்மீலியா டட்டில் கிடைத்தாள். டென்னஸியில் பிறந்து, எண்பது வயதுக்கு மேல் ஆர்க்கன்ஸாவில் மகன் வீட்டில் இருந்தவள். அங்கிருந்து ஆதாரம் நின்றுவிட்டது. எங்கே செத்தாள், எங்கே புதைத்தார்கள் என்று தெரியவில்லை.

"பாத்தீங்களா! ஆர்க்கன்ஸாவுலேர்ந்து எல்லை தாண்டினா உங்க ஊருதானே. சாகறதுக்குத் தன் ஜனத்துக்கிட்டயே வந்துட்டா!" லோரெட்டாவின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"கதை நல்லா இருக்கு. ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லேன்னா அது கதைதான்" என்றார் அக்கா.

அந்தம்மாள் விட்டாளா? இலையுதிர் காலத்தில் தானாகவே காரை எடுத்துக்கொண்டு எல்லையோரச் சபைகளாகச் சுற்றி, கடைசியில் எங்கள் ஆந்தை ஓடைச் சபைக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். சபைக்குப் புது ஏ.சி. வாங்கிக் கொடுத்திருக்கிறாள். கல்லறைத் தோட்டத்தின் கடைசி வரிசையில் பெயரில்லாமல் கிடந்த ஒரு காட்டுக்கல்லைக் காட்டி, இது எங்கள் பாட்டியாக இருக்குமோ என்று டீக்கன் ஓட்டிஸ் கெச்சரைக் கேட்டிருக்கிறாள். ஓட்டிஸ் மாமா நல்ல மனிதர். விருந்தாளி மனம் கோணக்கூடாதே என்று தரையைப் பார்த்துக்கொண்டு, "இருக்கலாம்" என்று சொல்லிவைத்தார். எங்களில் ஒருத்தியாக இருந்திருந்தால் அந்தப் பதிலைக் கேட்டதுமே காரில் ஏறிப் போயிருப்பாள். லோரெட்டா வீட்டுக்குப் போய்ச் சலவைக்கல்லுக்குச் சொல்லிவிட்டாள்.

கல்லறைகளுக்கெல்லாம் பூ வைக்கும் மே மாதக் கடைசி ஞாயிறைப் பூப்போடும் ஞாயிறு என்போம். அதற்கு முந்தின வாரம், களை எவ்வளவு மண்டியிருக்கிறது என்று பார்க்க அக்காவை என் வண்டியில் கூட்டிப் போனேன். கடைசி வரிசையில் பளபளவென்று ஒரு கல் நின்றது. 'வெள்ளிப்புறா. செரோக்கி இளவரசி. தன் ஜனத்திடம் திரும்பியவள்.' மேலே ஒரு புறா. அதன் தலையில் ஒரு இறகு வேறு.

அக்கா குடையை மடக்கினார். வெயிலில் அவர் குடையை மடக்கி நான் பார்த்ததில்லை.

"இங்க ஒரு கல்லு இருந்துச்சே, ரோவீ."

வேலியோரம் போட்டிருந்தார்கள். ஒரு மூலை உடைந்த காட்டுக்கல். அந்த மூலையை உடைத்தது பல வருஷத்துக்கு முன் அக்காவின் மண்வெட்டிதான். இரண்டு கையாலும் தூக்கி வந்து, வண்டியின் பின்னால் போடாமல், முன் சீட்டில் எங்கள் இருவருக்கும் நடுவே வைத்தார். பாதி வழியில் சொன்னார்.

"அது நேக்கி. எங்க அம்மாவோட தங்கச்சி. நடை பழகுற வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு. அம்மாவுக்கே அப்ப நாலோ அஞ்சோ வயசு. குழி வெட்டி முடிக்கிற வரைக்கும் குழந்தை மூஞ்சியில வெயில் படக்கூடாதுன்னு, ஓக் கிளை ஒண்ண ஒடிச்சு அம்மா கையில குடுத்து நிக்க வெச்சாங்களாம். கை கடுத்துப் போச்சாம். சொன்னா கிளையை வாங்கிக்குவாங்களோன்னு சொல்லவே இல்லையாம்."

"அப்போ இதை சபையில சொல்லுங்கக்கா!"

"சொல்லலாம். பெரிய பட்டியல் எழுதி முடிச்ச பிறகு பொறந்த குழந்தை. பொறந்ததை யாரும் எழுதல, செத்ததையும் எழுதல. எங்கிட்ட ஒரு துண்டுத்தாள் இல்ல."

சபையில் புது ஏ.சி.க்குக் கீழே உட்கார்ந்துதான் பேசினோம். ஓட்டிஸ் மாமா தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். "அந்தம்மா ரொம்ப வருத்தப்படுவாங்க, வெர்டி. பேரப்பிள்ளைங்களையெல்லாம் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வர்றாங்களாம்." பிறகு, ரொம்பத் தயங்கி, "உங்கிட்ட ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் வீட்டுக் கல்லறைக்கு யார் ஆதாரம் காட்டுவது? வருஷா வருஷம் அந்த இடத்தில் முட்டி போட்டுக் களை பிடுங்கியது ஆதாரம் இல்லையா? எங்கேயோ குளம் வெட்டிக்கொண்டிருந்தவள் கொண்டுவந்து நட்ட கல் ஆதாரமா? மாமா என்றும் பார்க்காமல் இரண்டு வார்த்தை கேட்டேன். அக்கா என் கையைத் தட்டி எழுப்பி வெளியே கூட்டி வந்துவிட்டார்.

வெளியில் வந்ததும், "வம்சத்தாள்ல குத்துற உங்க முத்திரை இருக்குல்ல? இது நேக்கியோட கல்லறைன்னு ஒரு தாள்ல எழுதிக் குத்துங்க. நீங்க எழுதினா யார் கேக்கப் போறா?" என்றேன்.

"நான் கேப்பேன்" என்றார்.

"அக்கா, அவ ஒரு பொய்யை நட்டு வெச்சிருக்கா. நீங்க உண்மையை எழுதறதுக்கு…"

"எனக்கு உண்மைன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேன். எங்க அம்மா சொன்னாங்கன்னுதான் தெரியும். அந்த மேசையில வந்து உக்கார்ற அத்தனை பேரும் இதையேதான சொல்றாங்க?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தேன்.

பூப்போடும் ஞாயிறன்று வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. சபை வாசலில் பெரிய இரும்புச் சட்டியில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. காட்டு வெங்காயம் போட்ட முட்டையும் இலையில் கட்டி அவித்த பீன்ஸ் ரொட்டியும் நீள மேசைக்கு வந்துவிட்டன. லோரெட்டா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் புறா படம் அச்சடித்த ஒரே மாதிரிச் சட்டையில் வந்து இறங்கினார்கள். நேரே போய்க் கல்லைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கையிலும் மண்வெட்டி இல்லை. எங்கள் ஆட்களோ, ஐயோ, அவர்களுக்கு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டார்கள்.

அக்கா ஒரு கையில் குடையும் ஒரு கையில் மெல்லிய இரும்புக் கம்பியுமாக வந்தார். புதைந்துபோன கல்லைத் தேடுவதற்கு எல்லாச் சபையிலும் வைத்திருக்கும் கம்பி அது.

"உங்க பாட்டி எவ்வளவு உயரம் இருப்பாங்க, லோரெட்டா?"

"எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாருமே உயரம்தான். பாருங்களேன், ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி!"

"அந்தக் காலத்துக் கல்லறைன்னா தலைக்கு ஒரு கல்லு, காலுக்கு ஒரு கல்லு. உங்க ஆளு கல்லு நட்ட இடத்துல இருந்தது ஒண்ணு. இன்னொண்ணு மண்ணுக்குள்ள போயிடுச்சு. தேடட்டுமா?"

"தாராளமா!" லோரெட்டா மகனைப் பார்த்து வீடியோ எடுக்கச் சொன்னாள்.

சலவைக்கல்லிலிருந்து ஆறடித் தூரத்தில் தொடங்கினார். கம்பி மண்ணில் சத்தமில்லாமல் இறங்கியது. ஒரு சாண் கிட்டே வந்தார். மண். இன்னொரு சாண். மண். தோட்டத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். சலவைக்கல்லுக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்தபோது 'டக்' என்றது. அக்கா முட்டி போட்டு, புல்லை விலக்கி, கையாலேயே மண்ணைத் தோண்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காட்டுக்கல் தலையைக் காட்டியது. மடக்கிய குடையை எடுத்து இரண்டு கல்லுக்கும் நடுவே தரையில் கிடத்தினார். இரண்டு முனையும் இரண்டு கல்லையும் தொட்டன.

"இதுக்குள்ள உங்க பாட்டியை எப்படிப் படுக்க வைக்கிறது?"

வீடியோ எடுத்த மகன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். லோரெட்டாவின் கழுத்து சிவந்தது.

"அப்போ இது யாரு?"

"ஒரு குழந்தை."

"உங்க சித்தின்னு சொல்றாங்களே. அதை நிரூபிக்க முடியுமா உங்களால?"

"முடியாது. எங்க அம்மா சொன்னாங்க, அவ்வளவுதான். உங்க பாட்டி இல்லேங்கிறது மட்டும்தான் நிரூபணம் ஆயிருக்கு."

அவள் ஓட்டிஸ் மாமா பக்கம் திரும்பினாள். "நீங்கதானே சொன்னீங்க? நீங்க சொன்னதாலதானே கல்லே வெச்சேன்!"

மாமாவின் வாயில் அந்தப் பழைய பதில் வந்து நிற்பது எனக்கு நன்றாகவே தெரிந்தது. தரையைப் பார்த்தார். தரையில் குடை கிடந்தது. தொப்பியைக் கழற்றினார்.

"இல்லம்மா. இது உங்க பாட்டி இல்ல. அன்னிக்கே நான் அப்படிச் சொல்லியிருக்கணும்."

"உங்களுக்கெல்லாம் எங்களைச் சேத்துக்க மனசில்ல. அதான் விஷயம்" என்றாள் லோரெட்டா.

நான் வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டார். அவர் குரல் தடித்திருந்தது.

"பெர்மீலியா ஆர்க்கன்ஸாவுல எங்கேயோ கிடக்காங்க. அவங்க மேல புல்லு மண்டிக் கிடக்கு. இந்தப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் அவங்களைத் தேடுங்க. தேடுறதுன்னா எங்கிட்ட வாங்க, நான் சேந்து தேடுறேன். இந்தக் கல்லை மட்டும் இன்னிக்கே எடுத்துடுங்க."

அந்தம்மாளுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மகன்தான் கடைசியில் எங்கள் பையன்களோடு சேர்ந்து கல்லைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினான். நல்ல பையன், கிளம்பும் முன் குழியை மூடிவிட்டுத்தான் போனான். என் வண்டியின் முன் சீட்டிலேயே ஒரு வாரமாக இருந்த மூலை உடைந்த கல்லை அக்கா தன் கையாலேயே பழைய இடத்தில் ஊன்றினார்.

ஓட்டிஸ் மாமா தோட்டத்தின் வரைபடத்தைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் குந்தினார். முகமெல்லாம் வேர்வை. எப்படியாவது ஒரு நல்லது செய்துவிட வேண்டும் அவருக்கு. "நேக்கின்னு எழுதிடறேன், வெர்டி. இங்க யாரு மறுக்கப் போறா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"குழந்தைன்னு எழுது. பேர் தெரியாது."

"அக்கா!" என்று கத்தியே விட்டேன். ஊரில் இருக்கிறவனெல்லாம் இல்லாத இளவரசியைச் சட்டையில் அச்சடித்துக்கொண்டு திரிகிறான். இவர் இருந்த குழந்தையின் பெயரைத் தன் வாயாலேயே அடித்துவிட்டார். மாமா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், சொன்னபடி எழுதினார்.

சாப்பாட்டுக்கு மணி அடித்தது. எல்லோரும் சபைப் பக்கத்து மர நிழலுக்குப் போனார்கள். கடைசி வரிசையில் நின்ற ஓக் மரம் முன்னொரு புயலில் விழுந்துவிட்டதால் அங்கே நிழலே கிடையாது. நான் ஒரு தட்டில் கறியும் ரொட்டியும் போட்டு அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் குடையை விரித்து, அந்த இரண்டு சின்னக் கற்களுக்கு நடுவே சாய்த்து, காற்றில் பறக்காதபடி மரப்பிடியைக் கல்லுக்கு அடியில் செருகிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, உச்சி வெயிலில் வெறுந்தலையோடு உட்கார்ந்து, என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.